சுகிர்தம் எழுதாமல் விட்ட நேரம்

புதன்கிழமை மாலை நானும் அம்மாவும் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். தலையைக் கிள்ளி, குடலை இழுத்து, சட்டியில் போட வேண்டும். நான் ஒன்று முடிப்பதற்குள் அம்மா மூன்று முடித்துவிடுவாள். அன்று எனக்குச் சமமாகத்தான் அவள் கை ஓடியது.

"கை ஏன் நடுங்குது?" என்றேன்.

"குளிருதுடீ ரூத்து. அந்த ஃபேன நிறுத்து."

மின்சாரம் போயிருந்தது. ஃபேன் ஓடவில்லை. ராயபுரத்தில் மே மாதம்.

சட்டி பாதி நிறைந்ததும் எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து படுத்தாள். மீதியை நானே முடித்தேன். வியாழன் காலை அரசு மருத்துவமனையில் சேர்த்தேன். சனிக்கிழமை மதியம் இறந்துபோனாள்.

சிறுநீரகத்தில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் பரவிவிட்டது என்றார் மருத்துவர். சர்க்கரை நோய் அதற்கு வழி விட்டது. "ரொம்ப மாசமா அடக்கி அடக்கி வச்சிருக்காங்க. தண்ணியும் குடிக்கிறதில்ல. எங்க வேலை பாத்தாங்க?"

கோடவுனில் சூப்பர்வைசர் என்றேன்.

அந்தப் பதவிக்காக என் அம்மா மூன்று வருடம் படித்தாள்.

அம்மா பெயர் சுகிர்தம். வயது நாற்பத்தொன்பது. அப்பா அம்புரோஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் டிப்ளமோ முதல் வருடம் படிக்கும்போது காலமானார். அதற்கு அடுத்த மாதம் அம்மா திருவொற்றியூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கோடவுனில் ஸ்டிக்கர் வேலைக்குப் போனாள். கன்டெய்னரில் வரும் வெளிநாட்டுச் சரக்கில் நம் ஊர் விலை இருக்காது. பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு ஷாம்பூ பாட்டிலையும் வெளியே எடுத்து, விலை ஸ்டிக்கர் ஒட்டி, திரும்ப அடுக்கி, டேப் போட வேண்டும். வேலை செய்பவர்கள் எல்லாரும் பெண்கள். சூப்பர்வைசர் மட்டும் எப்போதும் ஆண்.

அப்போதைய சூப்பர்வைசர் நோயல். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் பள்ளிக்கூடம் போலக் கையைத் தூக்கி அவரிடம் கேட்க வேண்டும். அவர் உடனே விடமாட்டார். லோடு இறக்கும் ஆட்கள் அந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்பார்:

"இப்பதானம்மா போயிட்டு வந்த? உள்ள டேங்கு ஓட்டையா?"

லோடு ஆட்கள் சிரிப்பார்கள். ஷாலு என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். மாதவிலக்கு நாளில் மூன்றாவது முறையாகக் கையைத் தூக்கினாள். நோயல் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போனார். அவள் நின்ற இடத்திலேயே சுடிதார் நனைந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அம்மா சீனியம்மாளிடம் சொன்னாளாம்: "அந்த நாற்காலில ஒரு பொம்பள குந்தணும்."

சீனியம்மாள் எம்.கே.பி. நகர்க்காரி. அங்கே எல்லாரையும்விட மூத்தவள். அம்மாவுக்கு வேலை கற்றுக்கொடுத்தவள், அம்மாவோடு ஒரே டப்பாவில் சாப்பிடுபவள். "அய்ய, பொம்பள குந்துறதுக்கு டிகிரி கேக்கறானே, இன்னா செய்வ? நீ ப்ளஸ் டூ, நானு அதுக்கும் வயி இல்ல" என்றாள்.

அம்மா தொலைநிலைக் கல்வியில் பி.பி.ஏ. சேர்ந்தாள்.

ஞாயிறு காலை முதல் பூசைக்குப் போய்விட்டு, அப்படியே தண்டையார்பேட்டையில் வகுப்புக்குப் போவாள். கணக்குப்பதிவியல் தடுமாறியது. சந்தையியல் பிடிக்கவில்லை. செயல்பாட்டு மேலாண்மை மட்டும் ஒட்டிக்கொண்டது. "நாம செய்றதத்தான்டீ எழுதி வச்சிருக்கான்" என்பாள். வீட்டில் இட்லி ஊற்றும்போதே எந்தத் தட்டு எங்கே இருந்தால் கை குறைவாக நீளும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். கரண்டி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும்.

மூன்றாம் வருடம் செயல்திட்ட அறிக்கை எழுத வேண்டும். அம்மா தன் கோடவுனையே எடுத்துக்கொண்டாள். தலைப்பு, ஸ்டிக்கர் வேலையில் நேர ஆய்வு. நான் அப்போது ஒடிசாவில் ஒரு மின் நிலையத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். நடந்ததை அம்மா பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். மீதி ஷாலு சொன்னது.

நேர ஆய்வு பெரிய வித்தை இல்லை. ஒருவர் வேலை செய்வதைக் கடிகாரத்தோடு பார்க்க வேண்டும். அவர் வேகம் இயல்பானது என்றால் நூறு என்று குறிக்க வேண்டும். அதற்கு மேல் வேகமென்றால் நூற்றுக்கு மேல், மந்தமென்றால் நூற்றுக்குக் கீழே. நூற்றுக்கு மேல் போட்டால் கணக்கில் நேரம் கூடும், கீழே போட்டால் குறையும். பிறகு களைப்புக்கும் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் என்று கொஞ்சம் நேரம் கூட்ட வேண்டும். வருவதுதான் அந்த வேலைக்கு நியாயமான நேரம்.

அம்மா கடிகாரத்தோடு வந்த அன்று பெண்கள் எல்லாரும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தியின் பரீட்சை என்றால் எல்லாருடைய பரீட்சையும்தான்.

"ஏய், சுகி பாஸாவணும். கைய நல்லா வீசுங்கடீ" என்றாள் சீனியம்மாள்.

"அக்கா, கேமரா கீதா? பவுடர் போட்டுக்கினு வரட்டா?" என்றாள் ஷாலு.

"வாய மூடிக்கினு ஒட்டுடீ."

ஒட்டினார்கள். யாரும் பேசவில்லை, யாரும் இடுப்பைப் பிடிக்கவில்லை. அப்படி ஒரு வேகத்தை அந்தக் கோடவுன் கண்டதில்லை. சீனியம்மாள்தான் முதலில் முடித்தாள். முடித்துவிட்டுப் பெட்டி மேல் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "எத்தினி மார்க்குமே எனிக்கு?"

"நூறு."

"இவளுங்களுக்கு?"

"எல்லாருக்கும் நூறு."

கை தட்டினார்கள். அம்மா நூறை முழு மார்க்காகவே எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் போடலாம் என்று புத்தகத்தில் இருந்தது. "நூத்துக்கு மேல எவன்டீ மார்க் போடுவான், அச்சுப் பிழைனு நெனச்சேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

கழிப்பறை நேரம் எழுத வேண்டிய இடம் வந்தது. அம்மா படித்துக் காட்டினாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இது யார் படிப்பாங்க?" என்றாள் சீனியம்மாள்.

"காலேஜு சாரு. அப்பறம் வெளியேர்ந்து ரெண்டு சாருங்க வருவாங்க."

"ஆம்பளைங்களா?"

"ஆமா."

"அவங்க கைல குடுக்கிற புக்குல, நாங்க ஒண்ணுக்குப் போறத எழுதுவியா? எத்தினி வாட்டி, எவ்ளோ நேரம்னு? இன்னாமே, அறிவு கீதா ஒனிக்கு? நோயலு ஒருத்தன் சிரிச்சது பத்தலியா?"

மற்றவர்களும் வேண்டாம் என்றார்கள். அந்த இடத்தில் அம்மா 'தேவைப்படவில்லை' என்று எழுதினாள்.

வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் அந்தப் பக்கத்தைத் தட்டிக் கேட்டாராம்: "இவங்க எழுந்திருக்கவே மாட்டாங்களா?"

"எங்க பொம்பளைங்க அப்படித்தான் சார்" என்றாள் அம்மா, பெருமையாக. முதல் வகுப்பு கிடைத்தது.

அறிக்கையில் நிறுவனத்தின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட்டவர் நிதிஷ், கோடவுனின் மேலாளர், என்னைவிட இரண்டு வயது இளையவர். போடுவதற்கு முன் முழுவதும் படித்தார். படித்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். ஒரு நகல் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

பட்டம் வந்த மாதமே அம்மாவுக்குச் சூப்பர்வைசர் பதவி வந்தது. நோயலை வேறு கோடவுனுக்கு மாற்றினார்கள். கூடவே சுவரில் ஒரு பலகை வந்தது. ஒரு பெட்டிக்கு இவ்வளவு நேரம், ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை பெட்டி. தலைப்பில் 'சுகிர்தம் ஸ்டாண்டர்ட்' என்று எழுதியிருந்தது. நிதிஷ் கேக் வெட்டினார். அம்மா பலகை பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் என்னிடம் இருக்கிறது. சிரிக்கிறாள்.

அந்த வேகத்தில் ஓடினால் இவ்வளவு பேர் தேவையில்லை என்று அடுத்த வாரம் தலைமை அலுவலகம் கணக்குப் போட்டது. மூன்றில் ஒரு பங்குப் பெண்களை நிறுத்தினார்கள். வயதில் மூத்தவர்கள் முதலில். பெயர்களைப் படிக்க வேண்டியது சூப்பர்வைசர் வேலை.

சீனியம்மாள் தன் பெயரைக் கேட்டதும் டப்பாவை எடுத்துப் பையில் போட்டாள். "நூறு போட்டியே தாயி, போதும்" என்றாள். போகும்போது திரும்பி மற்றவர்களைப் பார்த்து, "நல்லா வீசுங்கடீ கைய" என்றாள்.

அம்மா வேலையை விடவில்லை. விட்டால் நோயல் திரும்பி வருவார் என்றாள். உள்ளே இருந்தே சரிசெய்துவிடலாம் என்று நம்பினாள். முதல் வாரம் யாரும் கையைத் தூக்க வேண்டாம், எழுந்து போங்கள் என்றாள். போனார்கள். பெட்டிக் கணக்கு குறைந்தது. நிதிஷ் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"சுகிர்தம்மா, இந்த நேரம் உங்க ரிப்போர்ட்லயே இல்லையே. தேவைப்படலைனு நீங்கதானே எழுதியிருக்கீங்க? நான் மேல என்ன சொல்ல?"

அவர் பொய் சொல்லவில்லை.

பெண்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் தண்ணீர் குடிக்காமல் வந்தார்கள். பாட்டில்களைக் கொண்டுவருவதை நிறுத்தினார்கள். அம்மாவுக்கு 'வாட்ச்சு' என்று பெயர் வைத்தார்கள். "வாட்ச்சு வருதுடீ" என்பார்கள், அவள் காதில் விழும்படி. ஷாலு மட்டும் அக்கா என்றாள், அதுவும் தனியாக இருக்கும்போது.

அம்மாவின் மேசையிலிருந்து கழிப்பறை பத்தடி. அவளுக்கு எந்தப் பெட்டிக் கணக்கும் கிடையாது. ஆனாலும் போகவில்லை. "அவளுங்க அடக்கிக்கினு நிக்கிறப்ப, நான் மட்டும் எந்திரிச்சிப் போறதா?" என்றாள். ஜனவரியில் முதல் தொற்று. மாத்திரையில் அடங்கியது. மார்ச்சில் இரண்டாவது. தண்ணீர் குடி, போய்விட்டு வா என்று மருத்துவர் திட்டினார். தலையாட்டினாள்.

இரண்டாவது முறை படுத்திருந்தபோது நான் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். அப்போதுதான் அறிக்கையை என்னிடம் கொடுத்தாள். பிழை எங்கே என்று காட்டினேன். நூறு என்றது நூற்றைம்பதாக இருந்திருக்க வேண்டும். கழிப்பறைக்கும் களைப்புக்கும் நேரம் சேர்க்க வேண்டும்.  எழுந்து நடமாட முடிந்ததும் அம்மா நிதிஷிடம் போனாள்.

அவர் மறுக்கவில்லை. "வாயால சொன்னா மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா. திரும்ப அளந்து காட்டுங்க. வீடியோவோட. ஒரே ஒருத்தர் சாதாரண வேகத்துல செஞ்சாலும் போதும், நான் மாத்தித் தர்றேன்."

அம்மா கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். எடுத்ததைப் பார்த்தவுடன் எல்லாக் கைகளும் பறந்தன. முன்பு பாசத்தில் ஓடிய கைகள் இப்போது பயத்தில் ஓடின. "மெல்ல செய்ங்கடீ, உங்க நல்லதுக்குத்தான்" என்றாள். இன்னும் வேகமானார்கள். மெதுவாகச் செய்பவளைத் தேடி வந்திருக்கிறாள், அடுத்த பெயர் அவளுடையதுதான் என்று நினைத்தார்கள். போனை மேசையில் சாய்த்து ரகசியமாக வீடியோ எடுத்துப் பார்த்தாள். அம்மாவின் பார்வை எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் வேகம் ஏறியது.

கருவி நுழைந்தவுடன் அளவு மாறிவிடும் இடங்கள் என் வேலையிலும் உண்டு. அங்கே கருவியை மாற்றுவோம். அம்மாவை மாற்ற வழியில்லை.

வேலை தெரிந்த, பறிபோக வேலை இல்லாத ஒருத்தி வேண்டும். மே மாதம் முதல் வாரம் அம்மா சீனியம்மாளைப் போனில் கூப்பிட்டாள். எட்டு மாதமாக இருவரும் பேசவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். பத்து நிமிடம் சீனியம்மாள் திட்டினாள். அம்மா, அவள் தாய், படித்த படிப்பு, எழுதின கை, ஒன்றையும் விடவில்லை.  கடைசியில் அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது.

"இப்போ இன்னா வேணும் ஒனிக்கு?"

அம்மா சொன்னாள். ஒரு பெட்டி ஷாம்பூ, ஒரு சுருள் ஸ்டிக்கர். நிதிஷிடம் கேட்டு வாங்கியாகிவிட்டது. அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அவள் இஷ்டத்துக்கு ஒட்டினால் போதும்.

"நீ வந்தா சோறு போட மாட்டேன்" என்றாள் சீனியம்மாள். "பதினெட்டாந்தேதி ஞாயித்துக்கெயம வா."

அந்த ஞாயிறு மதியம் காசிமேடு கல்லறையில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். கோடவுனிலிருந்து ஒரு மாலை வந்திருந்தது. ஷாலு வந்தாள். மற்றப் பெண்களுக்கு அன்று கூடுதல் ஷிஃப்ட். எம்.கே.பி. நகருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது அம்மாவின் போன் அடித்தது. எடுத்தேன். நான் பேசுவதற்கு முன் அந்தப் பக்கம் ஆரம்பித்துவிட்டது.

"இன்னாமே, மணி இன்னா ஆவுது? பெட்டி வெக்க எடம் ஒழிச்சிட்டுக் குந்திக்கினு கீறேன். காலீலேர்ந்து சொம்பு சொம்பா தண்ணி குடிச்சிக்கினு கீறேன் ஒனக்காவ. நடுவுல எத்தினி வாட்டி எந்திரிச்சிப் போறேனோ, அதையும் எழுதிக்கோ. எவன் படிச்சா இன்னா. கெளம்பிட்டியா, இல்லியா?"