ஏழாவது வெள்ளி

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அப்பா வானம் பார்க்கப் போவார். தனியாகப் போகமாட்டார், குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போவார்.

ஐம்பதுகளின் கடைசி. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் ஒரு புகையிலை மண்டியில் எடை போடுகிற வேலை. சண்டை பெரும்பாலும் நத்தத்து மாமாவைப் பற்றித்தான். தன் அண்ணனை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அம்மாவுக்குப் பொறுக்காது. பதிலுக்குப் பேசவும் மாட்டாள், பேச்சையே நிறுத்திவிடுவாள். சோறு வரும், வெஞ்சனம் வரும், அம்மாவின் குரல் மட்டும் வராது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அங்கிருந்து எனக்குக் குரல் கொடுப்பார். "ஆத்தா, வெள்ளி நல்லாத் தெரியுது. ஒங்கம்மாவையும் வரச்சொல்லு."

அம்மா வருவாள். பாயின் மறு ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். தலைக்கு மேலே கொத்தாகத் தெரியும் கார்த்திகை நட்சத்திரங்களை, எங்கள் பேச்சில் கார்த்திகை வெள்ளிகளை, காட்டி, "ஆறு இருக்கு" என்று அப்பா என்னிடம் சொல்வார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "ஏழு" என்பாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். ஆறுதான் என்று அவர் நிற்க, ஏழாவது எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்ட அவள் இந்தப் பக்கம் நகர்ந்து வந்தாக வேண்டும். அப்புறம் பேச்சு மழைக்குப் போகும், புளி விலைக்குப் போகும், கடைசியில் மாமாவிடமே சிரிப்போடு வந்து நிற்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பாதித் தூக்கத்தில் கேட்கும்.

ஒரு தை மாதக் காலையில் குழாயடியில் வரிசையில் நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி என்னைக் கேட்டாள்.

"ஏண்டி, நேத்து ஒங்க வீட்ல வெள்ளி பாத்தீகளே, யாரு மேல தப்பு?"

குழாயடியே சிரித்தது. எங்கள் பாய் மாடி ஏறினால் தெருவுக்கே தண்டோரா போட்ட மாதிரி என்பது அப்போதுதான் உறைத்தது. பாதிக் குடத்தோடு வீட்டுக்கு ஓடி வந்தேன். ஆறா ஏழா என்ற வழக்குக்காகத்தானே மாடிக்குப் போகிறார்கள், அதைத் தீர்த்துவிட்டால் போவதும் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த சண்டை பெரியது. மாமா மகள் கல்யாணத்துக்கு வரமுடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா நாள்கணக்கில் வாய் திறக்கவில்லை. ஒருவழியாகப் பாய் மாடி ஏறியது. அப்பா "ஆறு" என்றார். அம்மா முகத்தைத் திருப்பியபடியே "ஏழு" என்றாள்.

நான் காத்திருந்தேன். பக்கத்து மாடிக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"ஆறுதாம்மா. முருகனுக்குப் பால் குடுத்த கார்த்திகைப் பொண்ணுக ஆறு பேரு. நம்ம காலண்டர் படத்துலயே ஆறு பேருதான இருக்காக. ஏழாவது யாரு?"

வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்து போகிறவள் அம்மா. முருகனோடு அவள் எப்படி வாதாடுவாள்? "அப்ப ஆறாத்தான் இருக்கும்" என்று எழுந்து கீழே போய்விட்டாள். "ஏய், எனக்கும் ஏழு மாதிரிதான் தெரியுது" என்று அப்பா படியைப் பார்த்துச் சொன்னார். அம்மா திரும்பி வரவில்லை. எனக்கோ ஜெயித்துவிட்ட பெருமை.

கல்யாணத்துக்கு அம்மாவும் நானும் மட்டும் போனோம். அப்பா வரலையா, அப்பா வரலையா என்று நத்தத்தில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். குழாயடி எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

அதன்பின் அப்பா பாயை மாடிக்குத் தூக்கவில்லை. தெருவில் கேலி நின்றது. அதற்காக நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்கு ஏழு தெரிந்ததோ இல்லையோ, அப்பாவோடு பேசத் தொடங்க அவளுக்கு ஒரு வெள்ளி கூடுதலாகத் தேவைப்பட்டது. நான் அதைக் கணக்குத் தப்பு என்று நினைத்துத் திருத்திவிட்டேன்.