இழுவை வண்டி நீலாஸ்

உலர்ந்த பனிமான் கறியைக் கத்தியால் சீவிச் சீவிக் காபிக்குள் போட்டுக்கொண்டே நீலாஸ் பேசுவார். கறி சூட்டில் இளகும்வரை கதை ஓடும். இளகியதும் கதையை நிறுத்திவிட்டு விரலால் எடுத்து நிதானமாக மெல்வார். அது எப்போதும் கதையின் முக்கியமான கட்டத்தில்தான் இளகும் என்பது வடகோடிப் பனிப் பீடபூமியில் இருக்கும் காராஷோக் ஊர்ப் பெட்ரோல் பங்கின் மூலை மேசையில் உட்காருகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பார்கள்.

வெளியே அவருடைய இழுவை வண்டி சாலையைப் பார்த்தபடி உறுமிக்கொண்டு நிற்கும். நவம்பரில் கிளப்பினால் மார்ச்சில்தான் அணைப்பார் என்று ஊரில் கேலி. "அணைச்சா அது தூங்கிடும். அப்புறம் என்னை யாரு இழுக்கிறது?" என்பார். பீடபூமியில் எந்தக் கார் எங்கே நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். எடுத்தவுடன் வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. "சார்ஜ் எவ்வளவு இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. நின்றது மரம் ஏற்றும் லாரியாக இருந்தாலும் அதே கேள்விதான்.

மின்சாரக் கார் என்றாலே அவருக்கு ஆகாது. "குளிர் பட்டா பாதி உசுரு போயிடும். ஹீட்டரைப் போட்டா மீதியும் போயிடும். பல்லைக் கடிச்சிக்கிட்டு, போர்வையைப் போத்திக்கிட்டுப் போறதுக்குப் பனிமான் பூட்டின சறுக்குவண்டியே தேவலாமே. அதுக்குக் கொஞ்சம் பாசியைப் போட்டாப் போதும்!"

அவர் சொல்வதில் பாதி உண்மை. கடுங்குளிரில் அந்தக் கார்கள் கோடையில் ஓடும் தூரம் ஓடாது, சார்ஜ் ஏறவும் நேரம் பிடிக்கும். மீதி உண்மையை அவர் வாய் சொல்லாது. பனிக்காலத்தில் அவர் வண்டியின் முதுகில் ஏறிவருபவை பெரும்பாலும் டீசல் கார்களும் பெட்ரோல் கார்களும்தான். மின்சாரக் காரில் வருகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வீட்டைவிட்டே கிளம்புவார்கள். ஆனால் டீசல் கார் நின்ற கதைக்கு யார் சிரிப்பார்கள்?

அவருடைய ஒரே மகள் மாரெத்துக்குக் கடலோரத்து ஆல்தாவில் மீன் ஆலையில் வேலை. தன் சின்ன நீலநிற மின்சாரக் காரில் தன் குட்டி மகள் இங்காவை உட்காரவைத்துக்கொண்டு பனிக்காலத்திலும் தவறாமல் வந்து போவாள். வழியில் லக்செல்வ் ஊரில் காரைச் சார்ஜில் போட்டுவிட்டு இருவரும் சாசேஜ் சாப்பிடுவார்கள். ஒரு தடவைகூட வண்டி நின்றதில்லை. நீலாஸ் வாசலிலேயே நின்று, "ஓட்டிக்கிட்டு வந்தியா, தள்ளிக்கிட்டு வந்தியா?" என்பார். "இன்னும் தள்ளலப்பா. பொழப்பு டல்லா இருக்கா உங்களுக்கு?" என்று அவள் சிரிப்பாள். அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. ஒருமுறை வெளியூர்த் தம்பதி ஒன்று சார்ஜ் தீர்ந்து பீடபூமியில் மாட்டிக்கொண்டது. நீலாஸ் போய்ச் சேர்ந்தபோது இருவரும் கம்பளிக்குள் சுருண்டு சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மேசையில் அதைச் சொன்னபோது கதை சப்பென்று இருந்தது. அடுத்த தடவை சீட்டுக்கட்டை எடுத்துவிட்டு அழுகையைச் சேர்த்தார். அதற்கடுத்த தடவை பின்சீட்டில் ஒரு குழந்தையை உட்காரவைத்தார். சொல்லச் சொல்ல அந்தக் குழந்தைக்கு வயது குறைந்துகொண்டே போனது. ஈஸ்டர் விருந்தில் உறவுக்காரர்கள் முன்னால் சொன்னபோது அது கைக்குழந்தை.

"உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. பெத்தவ அழுவுறா, கண்ணீர் கன்னத்துலயே உறைஞ்சு நிக்குது. எங் கையில குடுத்தா பாருங்க, ஐஸ்கட்டி மாதிரி..."

மாரெத் இங்காவை இழுத்து அணைத்துக்கொண்டாள். எல்லாரும் போனபிறகு நீலாஸின் மனைவி பீரெத், "அந்த வண்டியில குழந்தை இருந்துச்சுன்னு எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே?" என்று கேட்டாள். "மறந்திருப்பேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இலையுதிர் காலத்தில் மாரெத் நீலக் காரை விற்றுவிட்டு ஒரு பழைய டீசல் கார் வாங்கினாள். நீலாஸுக்குத் தலைகால் புரியவில்லை. "எம் பொண்ணு திருந்திட்டாடா!" என்று மேசைக்கே வாஃபிள் வாங்கிக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், சூரியனே எட்டிப்பார்க்காத அந்தப் பருவத்தின் நடுப்பகல் இருட்டில் போன் அடித்தது.

"சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"அப்பா, நான்தான். இது டீசல்ப்பா."

கடலோரத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். பீடபூமியில் ஏறியதும் வண்டி இருமியது, திணறியது, நின்றது. என்ன நடந்தது என்று நீலாஸுக்கு உடனே தெரிந்துவிட்டது. மிதமான கடலோரக் குளிருக்கான டீசல், உள்நாட்டுக் குளிரில் மெழுகாகத் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அவர் சொல்லும் எச்சரிக்கைதான் அது. பெற்ற மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் டீசலிலும் குறை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

வண்டியை விரட்டிக்கொண்டு போனார். எஞ்சின் நின்றால் டீசல் காரில் சூடும் நின்றுவிடும். அந்த நீலக் கார் எங்காவது நின்றிருந்தாலும், சார்ஜ் இருக்கிறவரை உள்ளே கதகதப்பாகவே இருந்திருக்கும். இதை அவர் ஒருநாளும் அந்த மேசையில் சொன்னதில்லை. 'பாவி, பாவி' என்று தன்னையே திட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைக் குத்தினார்.

காரின் கண்ணாடிகளில் உள்பக்கம் பனி பூத்திருந்தது. மாரெத் தன் கோட்டைத் திறந்து இங்காவை உள்ளே வைத்துப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் உதடு என்ன நிறத்தில் இருந்தது என்று அவர் பார்த்தார். பார்த்துவிட்டு இங்காவைத் தூக்கிக்கொண்டு தன் வண்டிக்கு ஓடினார்.

அங்கே சூடு ஏற ஏற இங்காவுக்கு உயிர் வந்தது. "தாத்தா, கால் எரியுது," என்று சிணுங்கினாள். எரிகிறது என்றால் உணர்ச்சி திரும்புகிறது, பயமில்லை. காரையும் வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு வெகுதூரம் வந்தபிறகு மாரெத் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நீங்க சொன்னீங்களே ஒரு கைக்குழந்தை. அது பொழைச்சுதா?"

நீலாஸ் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பொழைச்சுது," என்றார்.

மறுநாள் காலை மூவரும் பங்குக்கு வந்தார்கள். நீலாஸ் மூலை மேசையில் உட்கார்ந்தார். மாரெத் கல்லாவில் இங்காவுக்குச் சூடான சாக்லேட் வாங்கிக்கொண்டிருந்தாள். பழைய கூட்டாளி யோவ்னா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்து மத்தியானம் பறந்துக்கிட்டு போனியாமே, யாருடா அது? பேட்டரி காரா?"

நீலாஸ் வாயைத் திறப்பதற்குள் மாரெத் முந்திக்கொண்டாள். "யாரோ டூரிஸ்ட்டு, மாமா. பேட்டரி கார்தான்."

"அப்படிப் போடு! உள்ள குழந்தை குட்டி ஏதாச்சும் இருந்துச்சா?"

கறி சீவிக்கொண்டிருந்த கத்தி நின்றது. கப்பில் கறி எப்போதோ இளகிவிட்டிருந்தது. அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற மகள் பொய் சொல்கிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"நேத்து இருந்துச்சு," என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு அந்த வண்டியில இல்லம்மா. அந்தக் குழந்தை நானா சேர்த்தது."

மாரெத் சாக்லேட் கப்போடு மேசைப் பக்கம் வந்தாள். நீலாஸ் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, அதிகாலையில் அவள் காரிலிருந்து கழற்றிய ஃபில்டரை வெளியே எடுத்தார். சுற்றியிருந்த துணியைப் பிரித்து, டீசல் சொட்டச் சொட்ட, எல்லார் கண்ணிலும் படும்படி மேசை நடுவில் வைத்தார்.