செவ்வாய்க்கிழமை கொடுக்காத கார்

யாழ்ப்பாணம் நாவலர் வீதியில், கார் திருத்துகிற ஏரம்பரின் கராச்சுக்குப் பக்கத்துத் தையற்கடை என்னுடையது. ஒருவரைப் பற்றி எழுதுகிறேன் என்றால் புகழத்தான் போகிறேன் என்று நினைப்பார்கள். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. என்மேல் அதைவிடக் கோபம்.

காரின் முன்சில்லுகளை நேர் பிடிப்பதில் ஏரம்பர் விண்ணன். பின்சில்லிலிருந்து முன்சில்லுக்கு நூலை இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அவர் கைபட்ட மொறிஸ் மைனர், ஸ்டியறிங்கை விட்டாலும் கோணாமல் போகும். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் இயக்கத்துக்கும் ஆமிக்கும் சண்டை மறுபடி மூண்டதும் பெற்றோல் நின்றது, அவருடைய வேலையும் நின்றது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர். யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தார்.

அந்த நேரத்தில்தான் இரும்புக்கடை ஹனீபா ஒரு விளையாட்டுக் காரைக் கொண்டுவந்தார். கட்டாரிலிருந்து அவருடைய தம்பி அனுப்பிய, றிமோட்டில் ஓடுகிற சிவப்புக் கார். ஹனீபாவின் மகள் சபீஹாவுக்கு ஒன்பது வயது. இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் வழங்காது. விறாந்தையில் பாயில் இருந்தபடியே காரை ஓடவிடுவாள். ஒருநாள் அது படியால் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இடப்பக்கம் இழுத்து, பத்தடி போவதற்குள் சுவரில் முட்டி நின்றுவிடும். எடுத்துத்தர ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டும்.

"நேராப் போய்த் திரும்பி வந்தாலே காணும், அண்ணை," என்றார் ஹனீபா. "பிள்ளை ஒருத்தரையும் கூப்பிடாமல் விளையாடட்டும்."

முன்சில்லுகளைத் திருப்புகிற ஊசி போன்ற கம்பி வளைந்திருந்தது. ஏரம்பர் மூக்குக்கண்ணாடிக் கடையில் சின்னத் திருப்புளி இரவல் வாங்கி, அதைக் கழற்றி நிமிர்த்தினார். என்னிடம் தையல் நூல் வாங்கி, பெரிய காருக்குச் செய்வது போலவே இழுத்துக் கட்டினார். இடச்சில்லு சரிந்து நின்றது. சிகரெட் பெட்டி மட்டையை வட்டமாக வெட்டிச் சில்லுக்கும் அச்சுக்கும் நடுவில் கொடுத்தார். புதுப் பற்றறி வடக்குக்கு வர அரசாங்கத் தடை. பழையதை வெயிலில் காயவைத்துப் போட்டால் ஐந்து நிமிடம் ஓடும். அதற்குள் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அடுத்த வெயில்வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசி மழைக்குள் இப்படியே மூன்று கிழமை போனது.

திங்கட்கிழமை பின்னேரம் அந்தக் கார் சீமெந்துத் தரையில் முப்பதடி கோணாமல் ஓடித் திரும்பி வந்தது. ஏரம்பர் வாய்விட்டுச் சிரித்தார். நாலு மாதத்தில் அன்றுதான் அவர் சிரித்துக் கண்டேன்.

மறுநாள் காலை ஹனீபா வந்தார்.

"இண்டைக்குச் செவ்வாய், தம்பி. வாகனம் குடுக்கிறேல்லை. நாளைக்கு வாங்கோ," என்றார் ஏரம்பர்.

எங்கள் ஆட்கள் செவ்வாயில் நல்லது எதையும் கைமாற்ற மாட்டார்கள் என்பது ஹனீபாவுக்கும் தெரியும். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் செவ்வாயில் எத்தனை கார்கள் அந்தக் கராச்சை விட்டுப் போயிருக்கின்றன! ஏரம்பருக்கு இன்னும் ஒருநாள் அதை ஓட்டிப் பார்க்க ஆசை. எனக்கும் ஆசைதான். அதனால் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் ஒலிபெருக்கி கேட்டது. முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று, ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கம் அறிவித்தது. ஏரம்பர் காரை உரப்பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தார். நானும் பின்னால் போனேன். சோனகத் தெருச் சந்தியில் சனத்தை வரிசையில் விட்டு, துப்பாக்கியோடு நின்ற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நகை, காசு, ரேடியோ எல்லாவற்றையும் பறித்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அயலட்டை முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஹனீபா மகளைத் தூக்கித் தோளில் போட்டிருந்தார். ஏரம்பர் பையைத் திறக்கப் போனதும் அவசரமாகக் கையைப் பிடித்தார்.

"வேண்டாம், அண்ணை. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கப் பறிப்பாங்கள்."

சபீஹா தலையை நிமிர்த்தினாள். "மாமா, கார் இப்ப நேராப் போகுதோ?"

ஏரம்பர் பையை இறுக்கிப் பிடித்தார். "இல்லைப் பிள்ளை. இன்னும் இழுக்குது."

நல்ல காரை விட்டுப் போகிறோம் என்று அவள் அழக்கூடாதே என்று சொன்ன பொய் அது.

"அப்ப வடிவாத் திருத்தி வையுங்கோ," என்றாள் அவள். "நாளைக்கு வாப்பா வந்து எடுப்பார்."

ஏரம்பர் ஓம் என்று தலையாட்டினார். வரிசை நகர்ந்தது.