இரண்டு சட்டை போட்ட நாய்

எங்கள் பேண்டு செட்டுக்கு இரண்டு பெயர், இரண்டு போர்டு, இரண்டு வாசல். ஆட்கள் மட்டும் அதே எட்டுப் பேர்.

பாலக்கரையில் ஒரு அறை. பெரிய ரோட்டைப் பார்த்த வாசலில் கல்யாண போர்டு தொங்கியது. பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்த வாசலில் சாவு போர்டு. சாவுக்கு வாசிக்கிறவர்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கல்யாணத்தை மட்டும் நம்பினால் ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பு எரியாது. அதனால் கல்யாணத்துக்குச் சரிகை வைத்த சிவப்புக் கோட்டு, சாவுக்கு வெள்ளைக் கோட்டு. முன்வாசலில் வருகிறவர்களிடம் எங்கள் பேண்டு மாஸ்டர் நெற்றி நிறையக் குங்குமத்தோடு பேசுவார். பின்வாசலில் தட்டினால் குங்குமத்தைத் துடைத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார். நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான்.

விஷயம் வெளியே தெரிந்தால் எங்களுக்குக் கல்யாணப் பிழைப்பு போய்விடும். ஆனால் ஐம்பதுகள் முழுக்க யாருக்கும் தெரியவில்லை. சனங்கள் கோட்டைப் பார்த்தார்கள். கோட்டுக்கு மேலே முகம் ஒன்று இருப்பதை ஒருவரும் கவனித்ததில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு நாலு பேர் பார்த்தால் கை கால் ஓடாது. பெரிய டிரம்மை நான் எடுத்துக்கொண்டதே, அதற்குப் பின்னால் ஆள் மறையலாம் என்றுதான்.

சத்திரம் பக்கத்தில் போன ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில்தான் அந்த நாய் வந்து சேர்ந்தது. பழுப்பு நிறம். ஒரு கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம், ஒரு காதில் பாதி இல்லை. நாங்கள் வாசித்தால் மற்ற நாய்கள் ஊளையிடும். இது என் டிரம்முக்கு முன்னால் அமைதியாக, நடை தவறாமல் வந்தது. மாஸ்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"பாத்தீங்களாய்யா? இந்த ஊர்ல சங்கீத ஞானம் உள்ள ஒரே ஜீவன்!"

கொஞ்ச நாள் கழித்து ஒரு கல்யாணத்தில் அதன் வாலுக்குப் பக்கத்தில் வேட்டு வெடித்தது. மாப்பிள்ளையே துள்ளிவிட்டார். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குச் சுத்தமாகக் காது கேட்காது என்று அப்போதுதான் புரிந்தது. பெரிய டிரம்மின் அதிர்வு தரை வழியாக அதன் காலுக்குப் போயிருக்கிறது. ஞானம் அவ்வளவுதான். மாஸ்டர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "அதுக்குப் பேரு தைரியம்" என்று முடித்துவிட்டார்.

அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தோம். எதையும் ஊதாமல், தூக்காமல், ஊர்வலத்தின் நடுவில் நடந்து, சாப்பாட்டுக்கு மட்டும் முதலில் போய் நின்றதால் வேறு பெயர் தோன்றவில்லை. மிச்சத் துணியில் அதற்கும் சிவப்புக் கோட்டு தைத்தார்கள். சீக்கிரத்திலேயே முன்வாசலில் வருகிறவர்கள், "நாய் வரும்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார்கள்.

அதில் மாஸ்டருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. ஒரு நாள் நாய்க்கு வெள்ளைக் கோட்டும் தைத்து வந்தார். டிரம்பெட் ஊதுகிற அண்ணன் பதறிப்போனார்.

"வேணாம் மாஸ்டர். கண்ணுல வட்டம், அரைக் காது. யாராச்சும் கண்டுபுடிச்சிருவாங்க."

"அட போய்யா. மனுசன் நீ, உன்னையே இத்தனை வருசமா ஒருத்தனும் கண்டுபுடிக்கல. நாயையா கண்டுபுடிக்கப் போறான்?"

அண்ணனே கோட்டை வாங்கி நாய்க்கு அளவு பார்த்தார்.

வெள்ளைக் கோட்டோடு மேனேஜர் போன முதல் சாவு மண்ணச்சநல்லூரில். பெரிய அரிசி மில் முதலாளி. மில்லின் கணக்குப்பிள்ளைதான் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார். வழி நெடுக என் பக்கத்திலேயே வந்தார்.

"நல்லா ஓங்கி அடிப்பா. பங்காளி வீட்டுக்குக் கேக்கணும்."

அடித்தேன். எல்லாம் முடிந்ததும் சோடா உடைத்து அவர் கையாலேயே கொடுத்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று முகத்துக்கு நேராக விசாரித்தார். கூச்சத்தில் சோடா எனக்குப் புரையேறியது. முதுகில்கூடத் தட்டிவிட்டார்.

அடுத்த மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். சித்திரை வீதியில் திறந்த காரில் மாப்பிள்ளை, இரண்டு பக்கமும் காஸ் லைட், முன்னால் சிவப்புக் கோட்டில் நாங்கள், எனக்கு முன்னால் மேனேஜர். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்திலிருந்து ஒருவர் குறுக்கே பாய்ந்து வந்தார். அதே கணக்குப்பிள்ளை.

"நிறுத்துங்கய்யா! இந்த நாய் எங்க மொதலாளியைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்த நாயாச்சே!"

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் டிரம்முக்குப் பின்னால் குனிந்தேன். பிழைப்பு போயிற்று என்று நினைத்தேன். அவர் எங்கள் எட்டுப் பேரையும் வரிசையாகப் பார்த்தார். என்னிடம் வந்தபோது நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்ப்பா, அந்தச் சாவு பேண்டுக்காரனுங்க நாய் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. மாஸ்டருக்கோ பேச்சே திரும்பி வந்துவிட்டது.

"எங்க நாய்தாங்க அது. அந்தப் பசங்க திருடிட்டுப் போயிருக்கானுங்க பாருங்க! அவனுங்களுக்கெல்லாம் மானம் ஏது?"

மாப்பிள்ளையின் அப்பா காரை விட்டு இறங்கினார். "யாரு நாயோ. சாவுக்குப் போனது மாப்பிள்ளைக்கு முன்னால வரக்கூடாது. அடிச்சு வெரட்டுங்க. நீங்க வாசிங்கப்பா, நல்ல நேரம் போகுது."

அதே பிணத்துக்கு முன்னால் நடந்த எட்டுப் பேர் மங்களம். நாய் அபசகுனம்.

மாஸ்டரே குனிந்து அதன் சிவப்புக் கோட்டைக் கழற்றினார். அவசரத்தில் பொத்தான் ஒன்று தெறித்தது. யாரோ கல்லை விட்டெறிந்தார்கள். மேனேஜர் சந்துக்குள் ஓடியது. ஊர்வலம் கிளம்பியது. நான் நாலு அடி அடித்ததும் அது திரும்ப வந்து, வெறும் உடம்போடு, தன் இடத்தில் நடக்கத் தொடங்கியது. மறுபடி விரட்டினார்கள். மறுபடி டிரம், மறுபடி நாய்.

"இந்தப் பெரிய டிரம்மு இருக்கிற வரைக்கும் இது போகாது" என்றார் கணக்குப்பிள்ளை. எங்களை அவர் சரியாகக் கண்டுபிடித்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மாஸ்டர் என் பக்கம் வந்து, "நீ அதைக் கூட்டிக்கிட்டுப் போயிடுப்பா" என்றார். போனேன். காவேரிப் பாலத்தில் அது பின்தங்கும்போதெல்லாம் டிரம்மில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். எதிரே வந்தவர்கள் எனக்குப் பின்னால் மாப்பிள்ளையைத் தேடினார்கள்.

மறுநாள் மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்: "மேனேஜர் இனிமே சாவுக்கு மட்டும்." ஆக, எங்கள் செட்டில் ஒரே வாசலில் போய்வந்த யோக்கியன் அது ஒன்றுதான்.

அந்த வருஷக் கடைசியில் பின்வாசலில் யாரோ தட்டினார்கள். மாஸ்டர் இல்லாததால் நான் கதவைத் திறந்தேன். கணக்குப்பிள்ளை. மில் முதலாளியம்மா போய்விட்டாராம். உள்ளே எட்டிப் பார்த்து, நாயைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"அட, கெடைச்சிருச்சா! பத்திரமா பாத்துக்கப்பா. சீரங்கத்துல ஒரு கல்யாண பேண்டுக்காரனுங்க இதைத் திருடிச் சிவப்புச் சட்டை போட்டு வச்சிருந்தானுங்க. நான்தான் கண்டுபுடிச்சேன். அதுல ஒருத்தன், பெரிய டிரம்முக்காரன், அவன்தான் இதை இழுத்துக்கிட்டு ஓடுனான். அவன் முழிச்ச முழியே சரியில்ல. இன்னைக்குப் பார்த்தாலும் அடையாளம் சொல்லுவேன்."

என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னார்.

"சரிங்க, பாத்துக்கிறேங்க" என்றேன்.

அவர் சந்து முனையைத் தாண்டும் வரை நின்றுவிட்டு, வழக்கம்போல டிரம்முக்குப் பின்னால் போய் உட்காரப் போனேன். அவரைப் பார்த்ததும் கல்லடி நினைவு வந்ததோ என்னவோ, மேனேஜர் எனக்கு முன்பே அங்கே போய் ஒளிந்திருந்தது.