இருபத்தாறு ரூபாய் நாற்பது பைசா

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு அன்றைய வேண்டாத தாள்களையெல்லாம் மெஷினில் விட்டு நூல் நூலாக வெட்டிவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்புவேன். கூட வேலை செய்கிற பிள்ளைகள் தாளைச் சுருட்டிக் கூடையில் எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் குனிந்து பொறுக்கிப் போடுவேன். மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்று அவர்களுக்குள் ஒரு சிரிப்பு. ஸ்ட்ரிக்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முதுகு வலிக்கிறது, அலுத்துப் போகிறது, ஆனாலும் செய்கிறேன். ஆறாம் வகுப்பிலேயே ஒரு தாளை விற்றவள் நான்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் இருந்தோம். நைனா கம்பி உருட்டும் மில்லில் வேலை செய்தவர். ஒருநாள் மெஷின் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் ஆபீசில் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் சம்பளத்தில்தான் நைனா, நான், தம்பி எல்லோரும் சாப்பிட்டோம்.

ஆபீசில் ஒருபக்கம் மட்டும் அச்சான தாள்கள் தினமும் குப்பைக்குப் போகும். அவற்றை மெஷினில் போட்டு வெட்டிவிட வேண்டும் என்பது சட்டம். அந்த மெஷின் மாதத்தில் இருபது நாள் ரிப்பேர். அது ஓடினாலும் அம்மாவுக்கு மனசு வராது. வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம் சும்மா இருக்கும்போது வீட்டில் பிள்ளை ரஃப் நோட்டு இல்லாமல் திட்டு வாங்கிக்கொண்டிருந்தால் எந்தத் தாய்க்குத்தான் வரும்? எங்கள் தெருவில் ஆபீஸ் பெருக்கப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படித்தான் ரஃப் நோட்டு.

என் நோட்டு மட்டும் கொஞ்சம் ஒசத்தி. தபால், டெண்டர் எல்லாம் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் அங்கே இருந்தார். திருவள்ளூரிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருவார். கல்யாணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். அவரே தாள்களை அடுக்கி, துளை போட்டு, பச்சை டேக் கோத்து அம்மாவிடம் கொடுப்பார். மேனேஜருக்குத் தெரிந்தால் அவருக்கும் திட்டு விழும். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தப் பச்சை டேக்கை வைத்து வகுப்பில் ஏகத்துக்கும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, அந்தக் கம்பெனியில் வெட்டிக் கழித்த தகட்டை யார் எடுத்துக்கொள்வது என்று டெண்டர் விடுவார்கள். கிலோவுக்கு இவ்வளவு தருகிறேன் என்று எழுதி, உறையை ஒட்டி, பூட்டிய பெட்டியில் போட வேண்டும். அதிகம் எழுதியவருக்கு ஒரு வருஷத்துச் சரக்கு. கடைசி நாளுக்கு முந்தின நாள் ஒரு இரும்பு வியாபாரி வந்து, உறையை ஒட்டுமுன் தனக்கு ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்று அக்காவைக் கேட்டிருக்கிறார். முதல் பிரதி கோணலாக விழுந்ததால் அதைக் கூடையில் போட்டுவிட்டு அக்கா இன்னொன்று எடுத்துக் கொடுத்தார். கோணலாக விழுந்த தாளுக்கும் பின்பக்கம் வெள்ளைதானே? அம்மா அதையும் கொண்டுவந்து என் நோட்டின் டேக்கில் கோத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அதில்தான் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா வந்தார். அம்மாவின் தம்பி. வேறொரு பழைய இரும்பு வியாபாரியிடம் குட்டி யானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கணக்குச் சொல்லித் தருவதாக நோட்டை வாங்கிப் புரட்டியவர், பின்பக்கத்தைப் பார்த்ததும் அதை ரெண்டு தடவை படித்தார்.

“இன்னாடி இது, இப்பிடிக் கிறுக்கி வெச்சிக்கீற? இத்த எனுக்குக் குடுத்துடு. புது லாங் சைஸ் நோட்டு ரெண்டு வாங்கியாந்து தரேன்” என்றார்.

மூன்று என்றேன். அட்டை பளபளவென்று இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். மாமா உடனே சரி என்று அந்தத் தாளை டேக்கிலிருந்து கிழித்துக்கொண்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அடடா, நாலு கேட்டிருக்கலாமே என்று பிறகு மனசு அடித்துக்கொண்டது. உப்புக்கும் பெறாத ஒரு தாளுக்கு மூன்று நோட்டு! மாமாவை ஏமாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

தாளில் இருந்த விலை கிலோவுக்கு இருபத்தாறு ரூபாய் நாற்பது பைசா. மறுநாள் மாமாவின் முதலாளி இருபத்தாறு ஐம்பது என்று எழுதிப் பெட்டியில் போட்டார். பத்தே பைசா. பெட்டிக்கடையில் நீட்டினால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் பெட்டியைத் திறந்தபோது அந்தப் பத்துப் பைசா ஒரு வருஷத்துத் தகட்டை வாங்கிக்கொடுத்தது. தோற்ற வியாபாரி கம்பெனி வாசலில் நின்று கத்தினார். என் விலையைப் பார்த்தது ஜெராக்ஸ் எடுத்த அந்தப் பெண் ஒருத்திதான், அவள்தான் விற்றுவிட்டாள் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நைனா எழுந்து, விரலில்லாத கையை லுங்கிக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா உட்காராமலே அம்மாவைக் கேட்டார்.

“அக்கா, கூடையில ஒரு ஜெராக்ஸ் கெடந்துதே, அத்த இன்னா பண்ணீங்க? நெனவு பண்ணிச் சொல்லுங்கக்கா.”

“மிசின்ல போட்டுட்டேன் மேடம்” என்றாள் அம்மா. கண்ணை இமைக்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்லக்கூடாது என்று என்னை அடிக்கிற அம்மா! மெஷின் ரிப்பேர் என்று அவளே அந்த வாரம் சொன்னாளே. நான் வாயைத் திறந்தேன். தண்ணீர் கொண்டுவா என்று அம்மா அதட்டினாள்.

சொம்போடு நான் திரும்பி வந்தபோது அக்கா என் ரஃப் நோட்டைக் கையில் வைத்திருந்தார். அவர் கோத்த பச்சை டேக். அதில் ஓரிடத்தில் தாளைக் கிழித்த மிச்சம், தோற்ற வியாபாரியின் கடைப் பெயரில் பாதியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த மூன்று புது நோட்டுகளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி மூலையில் சோறு தின்றுகொண்டிருந்தான். வெளியே நைனா இருமினார்.

அக்கா ரொம்ப நேரம் பக்கங்களைப் புரட்டினார். பிறகு ஒரு கணக்கைக் காட்டி, “இது தப்பு பாப்பா, திரும்பப் போட்டுப் பாரு” என்று சொல்லி நோட்டை என் கையிலேயே கொடுத்தார். தண்ணீரைக் குடித்தார். “வரேங்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அம்மா என்னிடம் அந்தத் தாளைக் கேட்டாள். மாமாவைப் பற்றிச் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் காலை வெந்நீர் அடுப்பில் என் ரஃப் நோட்டைப் போட்டு எரித்தாள்.

அக்காவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனி கேட்டில் எடுத்த கெட்ட பெயர், ஆளுக்கு முன்னால் அடுத்த கேட்டுக்குப் போய்விடும். அதன்பின் அவருக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை என்று கேள்வி. கல்யாணம் ஆனதா என்று யாருக்கும் தெரியாது. அம்மா அதே ஆபீசில், அவர் உட்கார்ந்த மேஜையை இன்னும் எட்டு வருஷம் துடைத்தாள். மாமாவுக்கு முதலாளி ஐயாயிரம் கொடுத்தாராம். முதலாளி அந்த வருஷமே வீட்டுக்கு மேல் மாடி எடுத்தார்.

இப்போது நான் டெண்டர் பார்க்கிறேன். ஒரு நம்பர் எத்தனை லட்சம் பெறும் என்று என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன். அந்தப் பச்சை டேக் நோட்டை மேனேஜரிடம் காட்டியிருந்தால் அக்காவின் வேலை தப்பியிருக்கும், எங்கள் வீட்டு அடுப்பு அணைந்திருக்கும். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது. தன் வேலையைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு எனக்குத் திருப்பிக் கொடுத்தார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இருந்த ஒரே கோபம், கணக்கு தப்பு என்று சொல்லிவிட்டாரே என்பதுதான். அன்று சாயங்காலமே புது நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் அதைத் திரும்பப் போட்டேன். அவர் சொன்னது சரி.