பூட்டிய லோண்டரி அறையும் ஈரச் சேலைகளும்

பாத்டப்பில் ஊறிக்கிடந்த ஜீன்ஸின் சவர்க்கார நெடியும், அதைப் பிழிந்து பிழிந்து சிவந்துபோன அம்மாவின் கைகளுந்தான் அந்த மாரிகாலத்தை நினைத்தவுடன் எனக்கு முதலில் வருபவை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரை விட்டு வந்திறங்கிய குளிர்நாட்டில், மோர்னிங்சைட் என்ற புறநகர்ப் பகுதியில் அரசாங்க வாடகைக் கட்டிடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கவும் காயவைக்கவும் நல்ல மெஷின்கள் இருந்தும், கறுப்பினப் பையன்கள் வெளிக்குளிருக்குச் சூடு தேடி அங்கே கூடி நிற்கிறார்கள் என்று சொல்லி நிர்வாகம் ‘லோண்டரி ரூமை’ப் பூட்டிவிட்டது. பல்கனியில் காயப்போடவும் தடை. பிறகு உடுப்பை எங்கே காயப்போடுவதாம், தலையிலா?

பக்கத்து வீட்டில் போலீன் அன்ரி இருந்தார். ஜமேக்காவிலிருந்து வந்தவர், டவுன்டவுனில் நிறவெறிக்கு எதிரான ஊர்வலங்களில் மெகாபோன் பிடித்து நடந்தவர். பூட்டிய கதவின் முன்னால் குடியிருப்பாளர்களைக் கூட்டி, இது தன் மகன் மார்க்கஸுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் போட்ட பூட்டு என்று சத்தமாகவே சொன்னார். குழப்பம் விளைவிக்கிறார் என்று அவரை வீட்டை விட்டு எழும்பச் சொல்லி உடனேயே நோட்டீஸ் வந்தது.

மனேஜர் கெட்டிக்காரர். தமிழ்க் குடும்பங்களிடம் ஆள் அனுப்பி, அந்தப் பையன்களைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று ஒபிசுக்கு வந்து ஒரு சொல் சொன்னால் போதும், போலீனை அனுப்பிவிட்டு அறையைத் திறந்துவிடலாம் என்றார். எங்கள் ஆட்களில் சிலருக்கு அது வசதியாகவே பட்டது. அந்தப் பையன்களுக்கு எங்கள் வீடுகளில் வழங்கிய பெயரை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது.

அப்பாவும் தயங்கினார். “நாங்கள் அகதியாய் வந்த சனம். கேஸும் இன்னும் முடியேல்லை. எங்களுக்கேன் உந்த வில்லங்கம்?”

அம்மா பிழிவதை நிறுத்தவில்லை. “நாலு பெடியள் கூடி நிண்டா குற்றமெண்டு அங்கை என்ரை தம்பியை ஏத்திக்கொண்டு போனவங்கள். இஞ்சையும் உந்தக் கதையைத்தான் சொல்லுறாங்கள். நான் போய் ஓமெண்டு தலையாட்டவோ?”

ஊரில் ஆமி ஏற்றிக்கொண்டு போன அந்த மாமா திரும்பி வரவேயில்லை. அப்பா குனிந்து ஜீன்ஸின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினார்.

மனேஜர் சொன்ன நாளில், அம்மாவும் போலீன் அன்ரியும் கதவு கதவாகத் தட்டிச் சேர்த்த பெண்கள் எல்லோரும் ஒபிசுக்குப் போனார்கள், ஈர உடுப்பு நிறைந்த பேசின்களோடு. முன்னால் போலீன் அன்ரி. அம்மா தன் நூல் சேலையைக் கவுன்டர் நீளத்துக்கு விரித்துப் போட்டார். கதிரைகளில் சோமாலிப் பெண்களின் நீள அங்கிகள், யன்னலோரம் முழுக்கப் பிள்ளைகளின் காற்சட்டைகள், மனேஜரின் மேசைவிளக்கில் அப்பாவின் பெனியன். தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த மனிதர் கத்திய கத்து! அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சந்தான். “போய்ஸ் நோ ப்ரொப்ளம். யுவர் லொக் ப்ரொப்ளம்,” என்றார். போலீன் அன்ரி சிரித்த சிரிப்பு வெளி வாசல் வரை கேட்டிருக்கும். பொலிஸ் வந்தது, பார்த்தது, ஈரச் சேலையைக் கைதுசெய்ய வழி தெரியாமல் திரும்பிப் போனது. உடுப்புக் காயும்வரை ஒருவரும் அசையவில்லை.

அந்தக் கிழமையே பூட்டுத் திறந்தது, போலீன் அன்ரிக்கு வந்த நோட்டீஸும் ரத்தானது. இரக்கப்பட்டு விட்டுத்தந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்று அந்தக் கட்டிடம் இல்லை. அந்த இடத்தில் காசுள்ளவர்கள் வாங்கும் கண்ணாடி மாடிவீடுகளாய்க் கொண்டோ எழும்பியிருக்கிறது. வீட்டுக்கு வீடு சொந்த மெஷின், பக்கத்து வீட்டில் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. புதிதாய்க் கட்டியதும் திரும்பக் கூட்டிவருவோம் என்று சொல்லி அனுப்பப்பட்ட குடும்பங்கள் தொலைவிலுள்ள விட்பி வரை சிதறிவிட்டன. போன மாதம் அம்மாவையும் போலீன் அன்ரியையும் காரில் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி வாசலில் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, காவலுக்கு நின்ற தமிழ்ப் பையன் வந்து, “அன்ரி, இதில நிக்கக் கூடாது,” என்றான்.

அம்மா போலீன் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாங்கள் நிப்பம், தம்பி.”