ராத்தா வீட்டு விருந்தும் ஓர் உலக அறிக்கையும்

உலகத்தை நிர்வகிப்பவர்களை நான் மிகக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேர் கையிலும் போத்தல் தண்ணீர் இருந்தது. எங்கள் தலைவிதியைப் பற்றி எங்களிடமே கேட்டுக் கேட்டு எழுதினார்கள். பிறகு ஊருக்குப் போய், வரும்போதே மனதில் வைத்திருந்ததை அறிக்கையாக அடித்து வெளியிட்டார்கள். அவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தது நான்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளத்துக்குப் பக்கத்தில், களப்பை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இருந்தோம். தொண்ணூறில் மன்னாரை விட்டுத் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் வந்து இறங்கிய இடம் அது. முதலில் முகாம் என்றார்கள். பிறகு கடை வந்தது, பள்ளிவாசல் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் படிப்பித்தேன். என் மூத்த சகோதரி, ராத்தா, உப்பளத்தில் கூலி வேலை செய்தார். மச்சான் மௌத்தாகி, ராத்தா விதவையாகிப் பல வருடம். கல்யாணம் முடிக்கும் வரைக்கும் நானும் ராத்தாவின் வீட்டில்தான் இருந்தேன்.

ராத்தாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மன்னாரில், முசலிப் பக்கம் வாப்பா அவருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த காணி கிடந்தது. வீடு இடிந்து, கிணறு தூர்ந்து, காணி முழுக்கப் பற்றை மண்டிப் போயிருந்தது. அதைத் துப்புரவாக்கி ஒரு சின்ன வீடு கட்டித் தந்தால் அடுத்த பஸ்ஸிலேயே போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த உதவி கிடைக்க வேண்டுமென்றால் பெயர் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியல் எங்கள் நாட்டில் தயாராகவில்லை. கடல் கடந்து, ஏதோ ஒரு குளிர்நாட்டு மண்டபத்தில் தயாராகிக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு பெரிய சிக்கல் எழுந்திருந்ததாம். போரின் கடைசியில் இடம்பெயர்ந்தவர்கள் ‘புதியவர்கள்’. நாங்கள் ‘பழையவர்கள்’. பழையவர்களை இன்னமும் இடம்பெயர்ந்தவர்கள் என்று சொல்லலாமா, கூடாதா? மருந்துக்கும் பிஸ்கட்டுக்கும் காலாவதித் திகதி போடுவது தெரியும். அகதிக்கும் போடுவார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நாங்கள் கனகாலம் கஷ்டப்பட்டதே எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இவ்வளவு காலம் உயிரோடு இருந்திருக்கிறார்கள் என்றால் இவர்களுக்கு என்ன குறை என்று அந்த மண்டபத்தில் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். கோட்டுப் போட்டுக்கொண்டு இப்படியான கேள்வி கேட்பதற்கென்றே உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு விமானச் சீட்டும் கொடுக்கிறார்கள்.

இதைத் தீர்க்கத்தான் அந்த மூன்று பேர் குழு. வருவதற்கு ஒரு கிழமை முன்னால் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் கடிதம் வந்தது. மிகவும் வறிய, பெண் தலைமை தாங்கும் குடும்பம் ஒன்றை அதன் வீட்டிலேயே சந்திக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நிர்வாகச் செயலாளர் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. ராத்தாவின் வீடு ஊரிலேயே மோசமான வீடு. கிடுகுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகும். மண் சுவரின் ஒரு பக்கம் சரிந்து தென்னங்குற்றியில் முட்டுக்கொடுத்து நின்றது.

கஷ்டத்தைக் காட்டுவதற்கென்று தெரிந்தெடுத்த அந்த வீட்டில், கஷ்டம் கண்ணில் படாதபடி மூடிவைக்க ஊரே வேலை செய்தது. இதை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். மகன் கட்டாரில் இருக்கும் வீட்டிலிருந்து சோபா வந்தது. சரிந்த சுவரை மறைத்துப் பூப்போட்ட திரைச்சீலை தொங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து ஒரு காற்றாடி சுழன்றது. கண்ணாடிக் கோப்பைகளோடு ஓர் அலுமாரியையே நாலு பேர் தூக்கிவந்து வைத்தார்கள். “வெளிநாட்டு ஆட்கள் வாறாங்க, நம்மட ஊர் மானம் போயிடக் கூடாது” என்று செயலாளர் வாசலில் நின்று அதட்டிக்கொண்டிருந்தார். ஒழுகும் மூன்று இடங்களுக்கும் நேர் கீழே, மழைத்தண்ணி தரையில் போட்ட குழிகள் தெரியாதபடி சோபாவை இழுத்துப் போடவும் அவர்தான் சொன்னார். மழைக்காலம் இல்லை என்பதால் யாரும் நனையவில்லை.

ராத்தாவிடம் ஓர் ஆடு இருந்தது. ஒரே ஆடு. அதை அறுத்தார்.

“என்னத்துக்கு ராத்தா ஆட்டையும்?” என்றேன்.

“வீட்டுக்கு வாறவங்களுக்குப் பருப்பும் பாணுமா குடுக்கச் சொல்றா?”

“அவங்க சாப்பிட வரல்ல. பாக்க வாறாங்க.”

“பாக்க வாறவங்களுக்குப் பசிக்காதா?” என்றார் ராத்தா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தார்கள். முதலில் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கலந்துரையாடல். ஆளுக்கு மூன்று வண்ண ஸ்டிக்கர் கொடுத்து, சுவரில் ஒட்டியிருந்த கடதாசியில் உங்கள் முன்னுரிமைகளுக்கு நேரே ஒட்டுங்கள் என்றார்கள். நரை தாடியோடு இருந்த கடற்றொழிலாளர்கள், வலையும் வள்ளமும் மன்னாரில் போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள், பச்சைப் பொட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஒட்டுவதென்று ஆளையாள் பார்த்தார்கள். ‘திரும்பிப் போதல்’ என்று ஒரு கட்டம் அந்தக் கடதாசியில் இல்லை. ‘சமூக ஒருங்கிணைப்பு’ இருந்தது, ‘சுயதொழில் ஊக்குவிப்பு’ இருந்தது, ‘பால்நிலைச் சமத்துவம்’ இருந்தது. திரும்பிப் போதல் ஏன் இல்லை என்று நான் கேட்டேன். அது வேறொரு செயற்றிட்டத்தின் கீழ் வருகிறது என்று குழுத்தலைவி மிக அன்பாக விளக்கினார். அன்பு அவர்களிடம் தாராளமாக இருந்தது. எதைக் கேட்டாலும் அதைத்தான் தந்தார்கள்.

அதன் பிறகு ராத்தாவின் வீடு. பாய் விரித்து, சஹனில் சாப்பாடு வைத்தோம். பெரிய ஒரே தட்டைச் சுற்றி எல்லோரும் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அதைக் கண்டு மூவரும் மெய்மறந்து போனார்கள். படம் எடுத்தார்கள். தட்டைப் படம் எடுத்தார்கள், இறைச்சியை எடுத்தார்கள், இனிப்புக்கு வைத்த வட்டலப்பத்தை இரண்டு கோணத்தில் எடுத்தார்கள். தலைவி கையால் பிசைந்து சாப்பிடப் பழகிக்கொண்டே, உங்களுக்கு இப்போது மிக அவசரமாகத் தேவைப்படுவது என்ன என்று ராத்தாவிடம் கேட்டார்.

ராத்தா அகப்பையோடு நின்றுகொண்டிருந்தார். “அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்கு ஒரு குறையுமில்ல. முதல்ல அவங்கள நல்லாச் சாப்பிடச் சொல்லு, புள்ள.”

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஒரு நாள் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். மூவரும் பேனையை எடுத்து எழுதினார்கள்.

எங்கள் பக்கத்தில், விருந்தாளியின் கை சோற்றில் இருக்கும்போது யாரும் முறைப்பாட்டை எடுக்கமாட்டார்கள். சாப்பிட்டு, கை கழுவி, தேத்தண்ணி குடித்து, அதற்குப் பிறகுதான் காரியக் கதை. கல்யாணம் பேசினாலும் அப்படித்தான், காணிச் சண்டை பேசினாலும் அப்படித்தான். ராத்தா தேத்தண்ணிக்காகக் காத்திருந்தார். காணி உறுதிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, இரவல் அலுமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்திருந்தார். தேத்தண்ணியோடு அதைக் கொண்டுவந்து, ஒழுகும் இடங்களையும் சுவரையும் திரை நீக்கிக் காட்டி, நான் போக வேண்டும், என்னைப் போகவிடுங்கள் என்று சொல்வதற்கு மூன்று நாளாக என்னிடம் ஒத்திகை பார்த்திருந்தார்.

அவர்கள் தேத்தண்ணிக்கு நிற்கவில்லை. முந்தல் என்ற ஊரில் ஓர் இறால் பண்ணையைப் பார்க்க வேண்டியிருந்ததாம், நேரம் போய்விட்டதாம். எழும்பி, ராத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, வாகனத்தை நோக்கி நடந்தார்கள். உங்கள் ஆங்கிலம் அழகாக இருக்கிறது, எங்கே படித்தீர்கள் என்று தலைவி என்னைக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டு பதில் சொன்னேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது வாகனக் கதவு சாத்தியாயிற்று. திரும்பிப் பார்த்தேன். ராத்தா ஒரு கையில் தேத்தண்ணித் தட்டும் மற்றக் கையில் பொலித்தீன் பையுமாக வாசலில் நின்றார்.

அன்று பின்னேரமே சோபாவும் அலுமாரியும் காற்றாடியும் அதது வந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

சில மாதம் கழித்து அறிக்கை வந்தது. அதைத் தமிழாக்கும் வேலையையும் எனக்கே தந்தார்கள், சம்பந்தப்பட்ட சமூகத்தோடு பகிர்ந்துகொள்வது அவர்களுடைய கொள்கையாம். பளபளக்கும் தாள். அட்டையில் ராத்தாவின் சஹன். உள்ளே எங்களைப் புகழ்ந்திருந்தார்கள். எங்கள் மீண்டெழும் திறன் வியப்புக்குரியதாம். உள்ளூர் மக்களோடு ஒப்பிடத்தக்க வாழ்க்கைத்தரமாம். பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் கூடக் கால்நடை வளர்ப்பின் மூலம் முன்னேறியிருக்கின்றனவாம். அந்தக் கால்நடை அவர்கள் மூவரின் வயிற்றிலும்தான் முன்னேறியது. ஆகவே ‘பழையவர்கள்’ தற்போது வாழும் இடத்தில் நிலைத்த தீர்வைக் கண்டுவிட்டார்கள், திரும்புவோருக்கான உதவியில் அவர்களைச் சேர்க்கத் தேவையில்லை என்று முடித்திருந்தார்கள். வீடும் காணியும் கடலும் பறிபோன ஒரு சனத்தின் கணக்கை ஒரு நேரச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மூடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தத் துணிச்சலுக்கும் ஏதோ மாநாட்டில் கைதட்டியிருப்பார்கள். அவ்வளவையும் நான் சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்து, திகதிக்கு முன்னதாகவே அனுப்பிவைத்தேன்.

அச்சாகி வந்த தமிழ்ப் பிரதியை எடுத்துக்கொண்டு ராத்தாவிடம் போனேன். உப்பளத்தால் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். பாதம் இரண்டும் வெடித்திருந்தன. நான் வாசித்தேன். ‘குடும்பத் தலைவி தமக்குக் குறையேதுமில்லை எனத் தெரிவித்தார்’ என்ற இடம் வந்ததும் கையால் நிறுத்தினார்.

“இது நானா?”

“ஓம்.”

“அப்ப காணி?”

“பட்டியல்ல எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்ல ராத்தா.”

துணியை எடுத்துக் காலைத் துடைத்தார். நான் அந்த மூன்று பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்கினேன். சாப்பாட்டு ராமன்கள் என்றேன், மனச்சாட்சி இல்லாதவர்கள் என்றேன், அவர்களுடைய ஸ்டிக்கரையும் பேனையையும் இழுத்துத் திட்டினேன். ராத்தா தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவங்கள விடு. அவங்களுக்கு நம்மட வழக்கம் தெரியாது, சொன்னத எழுதிட்டுப் போனாங்க” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ இந்தக் கூரைக்குக் கீழ நனைஞ்சு நனைஞ்சு படிச்சவ. உனக்குமா புள்ள தெரியாது?”